10 வெள்ளியில் தோட்டம் வாங்கக் கற்றுக்கொடுத்த துன் சம்பந்தன்

பாலிக் புலாவில் டுரியான் விழும் ஜூன் மாதத்தில்தான் துன் வீ.தி.சம்பந்தனின் பிறந்த நாளும் வருகிறது. மலைச்சரிவுத் தோப்பு ஒன்று அடுத்த தலைமுறைக்குக் கைமாறினால், யாருக்கு எவ்வளவு பங்கு என்ற பேச்சு வீட்டில் எழத்தான் செய்யும். இருப்பதை எப்படிப் பகிர்வது என்ற அந்தக் கேள்விக்கு இளமையில் ஒரு விடையும் நாற்பது வயதில் வேறொரு விடையும் கண்டவர் சம்பந்தன்.

1919 ஜூன் 16-இல் பேராக், சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தை வீரசாமி 1896-இல் மலாயாவுக்கு வந்து, உழைத்து ரப்பர் தோட்ட முதலாளி ஆனவர். மகன் கோலகங்சார் கிளிப்போர்ட் பள்ளியிலும், பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படித்தார். பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளுக்கு அது எட்டாக்கனி.

போருக்குப் பின் ஊர் திரும்பியவர், நல்ல மனமுள்ள ஒரு முதலாளி செய்வதையே செய்தார். கொடுத்தார். அவர் முயற்சியில் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை எழுந்தது. 1954-இல் விஜயலட்சுமி பண்டிட் அதைத் திறந்துவைத்தார். 1955-இல் ம.இ.கா. தலைவரானார், அமைச்சரும் ஆனார். கட்சிக்காகவும் பொதுக் காரியங்களுக்காகவும் தந்தையின் தோட்டத்தில் ஒரு பகுதியை விற்றார். பதவிக்கு வந்து சொத்து சேர்த்தவர்களைப் பற்றி நிறையவே கேட்டிருக்கிறோம். பதவிக்கு வந்தபின் சொத்து கரைந்தவர் கதை அபூர்வம்.

ஆனால் ஒருவர் கொடுத்து எத்தனை குடும்பம் தாங்கும்? சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி விற்றார்கள். துண்டாடல் என்ற சொல்லே லயத்து மக்களின் வயிற்றில் புளியைக் கரைத்தது. வேலை போனால் வீடும் போகும். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளியும் அம்மன் கோயிலும் அதே நிலத்தில்தான் நின்றன.

1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் 10 வெள்ளி கட்டுங்கள் என்று கேட்டார் சம்பந்தன். கொடுத்துப் பழகிய கை இப்போது நீண்டது, அதுவும் இல்லாதவர்களிடம். 10 வெள்ளி என்பது வெட்டுக்காரருக்குச் சில நாள் கூலி. அதை நம்பி எடுத்துக் கொடுத்த பெண்களையும் ஆண்களையும் இந்தக் கதையில் விட்டுவிடக் கூடாது. அமைச்சரின் பேச்சைவிட அவர்களுடைய துணிச்சல் பெரியது என்றே எனக்குப் படுகிறது.

1961-இல் நமக்கு அடுத்த மாநிலமான கெடாவில், சுமார் 3,000 ஏக்கர் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. பால்மரம் வெட்டியவர் பங்குதாரர் ஆனார். எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடிந்ததா என்றால், இல்லை. சங்கம் வாங்கியதைவிடத் துண்டாடப்பட்டது மிக அதிகம். ஆனாலும் வாங்கிய தோட்டங்களில் லயம் காலியாகவில்லை.

உட்கட்சிப் பூசலுக்குப் பின் 1973-இல் தலைமைப் பதவியை விட்டு விலகினார். 1979 மே 18-இல் காலமானார். கோலாலம்பூரில் சங்கத்தின் கட்டடமும், பிரிக்பீல்ட்ஸ் சாலையும் இன்று அவர் பெயரில் இருக்கின்றன.

அன்று தாத்தாவோ பாட்டியோ வாங்கிய பங்கு பெயர் மாறாமல் கிடக்கும் குடும்பங்கள் நம் பக்கத்திலும் இருக்கக்கூடும். வீட்டில் பழைய பங்குச் சான்றிதழ் இருந்தால், இறப்புச் சான்றிதழோடு சங்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.