கண்டிக்கு நடந்துபோக நினைப்பவர்களுக்கு: புனித யோசப் வாஸ் அடிகளார் நடந்த வழி



தை மாதம் 16ந் திகதி புனித யோசப் வாஸ் அடிகளாரின் திருநாள். அவர் உயிர்நீத்த கண்டி மாநகருக்குப் பதுளையிலிருந்து கால்நடையாகப் போய்ச் சேர வேண்டும் என்ற ஆசை உங்கள் பங்கிலோ தோட்டத்திலோ யாருக்காவது எழுந்திருக்கலாம். ஆசை எழுந்த மறுகணமே ஒரு கேள்வியும் எழும். ஒரு நாளைக்கு எத்தனை மைல் நடக்கலாம்? நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு முன்னே கேட்கவேண்டிய வேறொரு கேள்வி உண்டு. அதை அடிகளாரின் வாழ்விலிருந்து தெரிந்துகொள்வோம். இத்தீவின் காட்டையும் மலையையும் இருபத்துநான்கு ஆண்டுகள் வெறுங்காலால் அளந்தவர் அவர்.

கோவாவில் பெனோலிம் என்ற ஊரில் 1651ம் ஆண்டு சித்திரை 21ந் திகதி பிறந்தவர். 1676ல் குருப்பட்டம் பெற்றார். அவர் பிறந்து ஐந்தாண்டில், 1656ல், கொழும்பு ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. 1658ல் யாழ்ப்பாணமும் போயிற்று. கத்தோலிக்கக் குருக்கள் தீவில் கால்வைக்கலாகாது என்பது ஒல்லாந்தர் சட்டம். ஆண்டுகள் முப்பது நெருங்கியும் பூசை காணாமல், பாவசங்கீர்த்தனம் செய்ய வழியில்லாமல் இங்கே மக்கள் காத்திருந்தார்கள். செய்தி கோவாவை எட்டியபோது இளங்குருவின் உள்ளம் இலங்கையை நாடிற்று.

ஆனாலும் அவர் நேரே இலங்கைக்கு வந்துவிடவில்லை. 1681ல் மேலதிகாரிகள் அவரைக் கன்னடக் கரைக்கு அனுப்பினார்கள். மங்களூரும் அதைச் சூழ்ந்த ஊர்களுமாக மூன்றாண்டு சுற்றினார். வழிப்பயணத்தில் எதைத் தூக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும், அறியாத ஊரில் யாரை முதலில் தேடிப் போக வேண்டும் என்ற பாடமெல்லாம் அங்கே படித்திருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றுகிறது. பிறகு கோவாவுக்குத் திரும்பி, 1685ல் உள்நாட்டுக் குருக்கள் சிலருடன் புனித பிலிப்பு நேரியாரின் ஓரத்தோரிய வழியில் கூட்டுவாழ்வு தொடங்கி, அதன் தலைவருமானார். அடுத்த ஆண்டே அந்தப் பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு இலங்கை நோக்கிப் புறப்பட்டார்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கோவாவிலிருந்து கேரளக் கரையோரமாக வந்து தூத்துக்குடியை அடைய, இன்றைய வீதிக் கணக்கில் ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஆகும். நாளொன்றுக்கு 25 கிலோமீற்றர் நடப்பவன் ஒன்றரை மாதத்தில் முடித்துவிடுவான். 1686ல் புறப்பட்ட அடிகளாரோ யாழ்ப்பாணக் கரையைத் தொட்டது 1687ல், உயிர்ப்புத் திருநாளை ஒட்டிய நாட்களில்தான். தூரத்தை மட்டும் அளந்து போட்ட பயணம் இப்படி நீளாது. வழிநெடுக விசுவாசிகள் இருந்த இடங்களில் தங்கினார். கடலைக் கடக்கத் தோணியும் தக்க வேளையும் வாய்க்கும்வரை பொறுத்திருந்தார். தூத்துக்குடியும் அப்போது ஒல்லாந்தர் வசம். ஆகவே குருவின் அங்கியைக் களைந்து ஏழைக் கூலியாள் கோலம் பூண்டார். கூட வந்தவன் யோவான் என்ற உண்மையுள்ள பணியாள். பூசைக்கு வேண்டிய பொருட்களே அவர்களுடைய பெரிய சுமை.

யாழ்ப்பாணத்தில் இறங்கியதும் நடந்ததென்ன? நீண்ட வழியில் கெட்டுப்போன உடல் ஒரேயடியாகச் சாய்ந்தது. கடும் வயிற்றுளைவு. தொற்றுநோய் என்று அஞ்சிய மக்கள் அவரை ஊர்ப்புறத்தே பற்றைக் காட்டில் விட்டுவிட, ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து உயிர் காத்தாள் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பல மாதப் பயணமும் முப்பதாண்டுக் காத்திருப்பும் அந்த ஒரு சிரட்டைக் கஞ்சியில் தொங்கிக்கொண்டிருந்தன என்று சொன்னால் மிகையாகாது. முதல் தடவை நீண்ட தூரம் நடப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நடக்கும் நாட்களில் தெரியாத களைப்பு, நடை நின்ற பிறகுதான் ஆளைத் தள்ளும். அன்றைக்கு உங்களைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்பதும் திட்டத்தில் சேர்ந்ததுதான்.

உடல் தேறியதும் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டுப் போனார். மாலையைக் கண்டு யார் முகம் மாறுகிறது, யார் கண் கலங்குகிறது என்று பார்த்தார். அப்படி ஒரு வீடு அகப்பட்டது. அந்த வீடு அடுத்த வீட்டைக் காட்டிற்று. சில்லாலை அவருக்கு ஊன்றுகோலாயிற்று. இரவில் பூசை, பாவசங்கீர்த்தனம், ஞானஸ்நானம். கோழி கூவுமுன் அடுத்த ஊர். நம்பக்கூடிய ஒரு வீட்டுக்கும் அடுத்த நம்பக்கூடிய வீட்டுக்கும் இடைப்பட்ட தூரம் எதுவோ அதுவே அவருடைய ஒரு நாள் நடை. அது ஐந்து மைலானாலும் சரி, பதினைந்து மைலானாலும் சரி. பின்னாளில் குரு இல்லாத ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் நிறுத்தி அவர் கட்டிய ஒழுங்கிலும் இந்த வீடுகளின் சாயல் தெரிகிறது.

முன்னே ஒரு கேள்வி உண்டு என்றேனே, அது இதுதான்: இன்று இரவு நம்மை ஏற்றுக்கொள்பவர் யார்? தூரம் அதற்குப் பிறகு.

ஏற்றுக்கொள்பவர் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதையும் அடிகளாரின் வாழ்வே காட்டுகிறது. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தரின் கெடுபிடி முற்றவே 1690ல் கண்டி மன்னரின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்துக்குப் போனார். 1692ல் அங்கிருந்து கண்டிக்கு நடந்தார். குருநாகல் வழியாக இன்றைக்கு அது 130 கிலோமீற்றர் அளவு. ஏறக்குறைய வந்து சேர்ந்துவிட்டார். மலையடிவாரத்தில் வேவுட என்னுமிடத்தில் அவரைத் தடுத்து நிறுத்தினார்கள். இவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று ஒருவர் முன்னமே அரசனிடம் கோள் சொல்லியிருந்தார். கண்டிக்குப் போனது உண்மை. ஆனால் கைதியாகப் போனார். போன இடத்தில் சும்மா இருக்கவில்லை. சிறையிலேயே சிங்களம் கற்றார். முதலில் ஒரு குடிசை, பிறகு தேவமாதாவின் பெயரால் ஒரு சிற்றாலயம் என்று எழுப்பினார். நாட்டில் மழை பொய்த்த காலத்தில் அவர் நடுவீதியில் சிலுவை நட்டு மன்றாட மழை கொட்டியது என்பது நம் முன்னோர் சொல்லிவந்த வரலாறு. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவருக்கு இராச்சியமெங்கும் போக உத்தரவு கொடுத்தான். நமது ஊவாவும் அன்று அந்த இராச்சியத்தைச் சேர்ந்ததே.

அதன்பின் அவர் கால் போகாத திசை குறைவு. கொழும்பு, நீர்கொழும்பு, திருகோணமலை, கொட்டியாரம், மட்டக்களப்பு என்று போனார். ஆனால் 1697ல் கண்டியில் பெரியம்மை கண்டபோது நடந்தவர் நின்றுவிட்டார். அரசனே தலைநகரை விட்டு அகன்றான். நோயாளிகளை உறவினரே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். காட்டில் விடப்படுவது எப்படியிருக்கும் என்று அறிந்தவரல்லவா அடிகளார்! கர்வாலியோ அடிகளாரோடு சேர்ந்து அவர்களைத் தேடி எடுத்துக் கொட்டில் போட்டுக் கிடத்தினார். கஞ்சி ஊட்டினார், புண்ணைக் கழுவினார், இறந்தவரை அடக்கம் செய்தார். எத்தனையோ ஊர்கள் அவரை எதிர்பார்த்துக் கொண்டிருந்தன. அவை காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது.

இனி உங்கள் பயணத்துக்கு வருவோம். நடை நமக்குப் புதிதன்று. கோப்பிக் காலத்தில் நம் பாட்டன் பூட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கும் அதற்கப்பாலும் நடந்தே வந்தார்கள். தண்ணீரும் தங்குமிடமும் இல்லாத இடங்களில், வாந்திபேதியில் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். அவர்களை ஏற்றுக்கொள்ள வழியில் யாருமில்லை என்பதே அந்தச் சாவுகளின் காரணத்தில் பாதி. 1914ல் தலைமன்னாருக்குக் கப்பலும் இரயிலும் இணைந்து, 1924ல் இரயில் பதுளையைத் தொட்ட பிறகு அந்த நடை மறந்துபோயிற்று.

பதுளையிலிருந்து வெலிமடை, நுவரெலியா, புசல்லாவை, கம்பளை வழியே கண்டி 130 கிலோமீற்றருக்கு மேல். பதுளை கடல்மட்டத்திலிருந்து 680 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868 மீற்றர். ஏறியதையெல்லாம் மறுபக்கம் இறங்கியும் ஆகவேண்டும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அது தெரிந்ததே. முழங்காலைப் பிடிப்பது றம்பொடைப் பக்கத்து இறக்கம். கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கும் நமக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்று எண்ணாதீர்கள். தார்வீதியில் நாள்தோறும் நடப்பது வேறு. சூடேறிய தார் மூன்றாம் நாள் பாதத்தில் கொப்புளம் காட்டும். பயணத்துக்கென்று வாங்கிய புதுச் செருப்பு அதைவிட மோசம்.

ஆகவே முதல் நாளை வேண்டுமென்றே சிறிதாக வையுங்கள். ஹாலிஎலவைக் கடந்து எட்டம்பிட்டிய அளவில் நின்றால் போதும். இரண்டாம் நாள் வெலிமடை. வெலிமடையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறக்குறைய 25 கிலோமீற்றர். பெரும்பகுதி ஏற்றமாகையால், சிறுவரும் பாட்டிமாரும் இருந்தால் நடுவே ஓர் இரவு தங்குங்கள். நுவரெலியாவில் ஒரு நாள் முழுதாக ஓய்வு. சோம்பலென்று யாரும் சொன்னால் யாழ்ப்பாணத்துப் பற்றைக் காட்டை நினைவூட்டுங்கள். பிறகு லபுக்கலை, றம்பொடை, புசல்லாவை, கம்பளை என்று இறங்கலாம். ஒன்பது பத்து நாளாகும். கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவர் யாரோ அவரைக் கொண்டே கணக்குப் போட வேண்டும். இளைஞர் முன்னே பாய்ந்து போய்விட்டு, தங்குமிடத்தில் முதியவருக்காக முணுமுணுத்துக் காத்திருப்பது யாத்திரையாகாது.

தங்குமிடத்தைப் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவேண்டாம். ஒவ்வோர் இரவுக்கும் ஒரு பங்குக் கோவிலையோ, தோட்டத்துச் சபையையோ, தெரிந்த குடும்பத்தையோ முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்யுங்கள். எத்தனை பேர், எந்த நேரம், சோறு வேண்டுமா, தண்ணீரும் பாயும் போதுமா என்று தெளிவாகச் சொல்லுங்கள். லயத்து அறையில் இருபது பேருக்கு இடம் தரும் ஏழைக் குடும்பம் வாய் திறந்து கேட்கமாட்டாது. அரிசியையும் பருப்பையும் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

இன்னொன்று, காலம். அடிகளாரின் திருநாள் மாரி ஓயாத தையில் வருகிறது. ஐப்பசி தொடங்கி ஊவா மலைகளில் மண் ஊறிக் கிடக்கும். 2014 ஐப்பசி 29ந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண்சரிவை நாம் மறக்கவில்லை. மண்சரிவு எச்சரிக்கை இருக்குமானால் புறப்படாதீர்கள். மாசி, பங்குனியில் வானம் தெளியும். தபசுகாலமும் அப்போதுதான். திருநாளன்றே கண்டியில் இருக்க விரும்புகிறவர்கள் அன்றைக்கு இரயிலில் போகலாம், குற்றமில்லை.

அடிகளார் 1710ல் நோயுற்றார். எழுந்து நடக்க முடியாத நிலையிலும் கண்டியில் மக்களுக்கு ஞானோபதேசம் செய்து வந்தார். 1711 தை 16ந் திகதி நள்ளிரவில் உயிர் பிரிந்தது. மறைந்தும் மறைந்தும் நடந்த ஒரு மனிதர் விட்டுச்சென்ற கத்தோலிக்கர் ஏறக்குறைய எழுபதாயிரம் பேர் என்று கணக்கிடுகிறார்கள். 1995ல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பு காலிமுகத்திடலில் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். 2015 தை 14ந் திகதி அதே திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார்.

கம்பளையிலிருந்து கண்டிக்கு ஏறக்குறைய 20 கிலோமீற்றர். கடைசி நாள் விடியுமுன் புறப்பட்டால் வெயில் உச்சிக்கு ஏறுமுன் நகருக்குள் நுழைந்துவிடலாம். அங்கே அடிகளாரின் கல்லறை எதுவென்று யாரையும் கேட்கவேண்டாம். அவரை அடக்கம் செய்த கோவில் இன்றில்லை. புதைத்த இடமும் சரியாகத் தெரியாது. புனித அந்தோனியார் பேராலயத்துக்குப் போய், கால்களைக் கழுவிக்கொண்டு உள்ளே நுழையுங்கள்.