யார் இந்த குஸ்டாவ் ஸ்டிக்லி? பழைய ஓக் சைடுபோர்டுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

1988-ல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் பழைய சைடுபோர்டு ஒன்று 3,63,000 டாலருக்குப் போனது. சைடுபோர்டுன்னா, டைனிங் ஹாலில் தட்டு, பாத்திரம் வைக்கிற தாழ்வான அலமாரி. வாங்கியவர் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட். தன் சொந்த வீட்டுக்காக அதை உருவாக்கியவர் குஸ்டாவ் ஸ்டிக்லி. யார் இவர்?

நாற்காலி பட்டறையில் தொடக்கம்

1858-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயசிலேயே கல் வேலை. பிறகு பென்சில்வேனியாவில் மாமாவின் நாற்காலி பட்டறையில் தொழில் கற்றார்.

அப்போது சந்தையில் பூ வேலைப்பாடு நிறைந்த ஃபர்னிச்சருக்குத்தான் கிராக்கி. ஆனா ஸ்டிக்லியை ஈர்த்தது, இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் போன்றவர்கள் முன்னெடுத்த 'ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்' இயக்கம். பொருள் எளிமையா இருக்கணும், உழைக்கணும் என்பதுதான் அதன் அடிப்படை. 1901-ல் 'தி கிராஃப்ட்ஸ்மேன்' இதழைத் தொடங்கிய ஸ்டிக்லி, முதல் இதழையே மோரிஸுக்கு அர்ப்பணித்தார்.

அப்படி என்ன ஸ்பெஷல்?

மரத்தை நாலாகப் பிளந்து பலகை அறுப்பார்கள். ஓக் மரத்தின் மினுக்கும் ரேகைகள் அப்போதுதான் தெரியும். பலகையும் எளிதில் வளையாது. பிறகு மூடிய அறையில் அம்மோனியா ஆவி காட்டுவார்கள். மரத்தில் இருக்கும் டானினோடு அது வினைபுரிந்து, பலகை பழுப்பாக மாறும். மூட்டுகளையும் மறைக்க மாட்டார்கள். காம்பஸ் படத்துடன் இருக்கும் டச்சு வாசகம்தான் அவரது முத்திரை. முடிந்தவரை சிறப்பாகச் செய்வேன் என்பது அதன் பொருள்.

இயந்திரத்தையும் அவர் ஒதுக்கவில்லை. அறுப்பு, இழைப்பு போன்ற வேலைகளுக்குப் பயன்படுத்தினார். நடுத்தரக் குடும்பங்களுக்கும் நல்ல ஃபர்னிச்சர் போய்ச் சேரணும் என்பதே நோக்கம்.

சரிவு

1913-ல் நியூயார்க்கில் 12 மாடிக் கட்டடத்தில் ஷோரூம், உணவகம் எல்லாம் திறந்தார். அகலக்கால் வைத்துவிட்டார். மக்களின் ரசனையும் மாறியது. தம்பிகளே அதே பாணியில் ஃபர்னிச்சர் செய்து விற்றுப் போட்டியானார்கள். 1915-ல் திவால். அடுத்த ஆண்டு இதழும் நின்றது. கடைசிக் காலத்தில் மகள் குடும்பத்தோடு வாழ்ந்து, 1942-ல் சிரக்யூஸ் நகரில் இறந்தார்.

நடுத்தர வீட்டுக்காக அவர் யோசித்த சைடுபோர்டு, இன்று நடுத்தர வீட்டால் வாங்கவே முடியாத பொருள். ஆனா அதைச் செய்த முறை ரகசியம் இல்லை. அடுத்த முறை டைனிங் டேபிள் வாங்கப் போனா, பாலிஷை மட்டும் பார்க்காம, குனிந்து மூட்டையும் ஒரு தடவை பாருங்க.