இரசவாதி கண்ட விண்மீன்

1572ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 11ஆம் நாள் மாலைப்பொழுது. அக்காலத்தில் டென்மார்க்கு அரசுக்குட்பட்டிருந்த ஸ்கேனியா நாட்டிலே, எரேவாட்டு என்னும் பழைய மடத்தின் இரசவாதக் கூடத்திலிருந்து இருபத்தைந்து வயது இளைஞரொருவர் இராப்போசனத்தின் பொருட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார். உலைமுகத்தில் நெடுநேரம் நின்ற கண்கள் குளிர்ந்த வானை நாடின. தலைக்கு நேரே, கசியோப்பியா என்னும் கூட்டத்தில், முன் ஒருபோதும் இல்லாத மீனொன்று வெள்ளியைப்போல ஒளிவீசிற்று. சிறுவயது முதலே வானத்தை மனனஞ் செய்திருந்த அவர் தம் கண்களை நம்பினாரல்லர். உடன்வந்த ஏவலாளருக்கு அவ்விடத்தைச் சுட்டிக்காட்டினார், அவர்களும் கண்டனர். அதனாலும் ஐயந் தீராது அவ்வழியே சென்ற குடியானவரையும் வினவினார், அவர்களும் ஆமென்றனர். அவ்விளைஞரே தைக்கோ பிராகே.

தமிழாசிரியனுக்கு விண்ணியலில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். எனினும், இரும்பு எங்கே பிறக்கின்றது என்னும் வினாவோடு பிணைந்த இப்பெரியாரின் வரலாறு விஞ்ஞான வகுப்புக்கு மட்டும் உரியதன்று என்பதே அடியேன் துணிபு.

தைக்கோ 1546ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் உயர்குடியிற் பிறந்தார். மகப்பேறில்லாத, தந்தையின் உடன்பிறந்தாரொருவர் அவரைக் குழந்தைப் பருவத்திலேயே எடுத்துச் சென்று வளர்த்தார். சட்டம் பயின்று அரசவையில் அமரவேண்டுமென்பது குடும்பத்தார் விருப்பம். ஆனால் 1560இல் நிகழ்ந்த சூரிய கிரகணம், முன்கூட்டியே கணித்துரைத்தவாறு நிகழ்ந்தமை அச்சிறுவனின் உள்ளத்தைக் கவர்ந்துவிட்டது. லைப்சிக்கு நகருக்குச் சட்டம் கற்க அனுப்பியபோது கண்காணிக்க ஓர் ஆசானும் உடன் அனுப்பப்பட்டார். பகலிலே சட்டம், ஆசான் உறங்கிய பின் கைம்முட்டியளவினதான சிறு வான்கோளமொன்றை வைத்துக்கொண்டு விண்மீன்களைக் கற்றல். 1563இல் வியாழனும் சனியும் ஒன்றையொன்று நெருங்கியதைத் தாமே நோக்கி, பழைய வாய்பாடுகள் ஏறத்தாழ ஒரு மாதம் பிழைத்திருப்பதைக் கண்டார். வானத்தை நாடோறும் அளந்து குறிக்கவேண்டுமென்னும் எண்ணம் அன்றே அவருள் வேரூன்றியது.

1566இல் ரொஸ்டொக்கு நகரில் உறவினரொருவரோடு மூண்ட பிணக்கு, இருளில் வாட்போராக முடிந்து, அவர் மூக்கின் ஒரு பகுதியைக் கொண்டுபோயிற்று. எஞ்சிய காலமெல்லாம் உலோகத்தாற் செய்த மூக்கையே அணிந்திருந்தார்.

இனி விண்மீனுக்கு வருவோம். அதனை அவருக்கு முன்னரே கண்டோர் சிலர் உளர். ஆனால் அதனை அளந்த திறத்தில் அவருக்கு நிகரானவர் எவருமிலர். சந்திரனுக்கு மேலுள்ள வானம் என்றும் மாறாதது என்பது அரிஸ்டோட்டில் காலந்தொட்டு ஐரோப்பாவை ஆண்ட கொள்கை. ஆதலின் புதிதாகத் தோன்றுவது எதுவாயினும் அது காற்றுமண்டலத்தைச் சார்ந்ததாகவே இருத்தல் வேண்டும். ஒரு விரலை முகத்தின்முன் நிறுத்தி, ஒவ்வொரு கண்ணாலும் மாறி மாறி நோக்குக. பின்னுள்ள சுவரில் விரல் இடம்பெயரும். அண்மையிலுள்ள பொருளுக்கு இப்பெயர்ச்சி மிகுதி, சேய்மையிலுள்ளதற்குக் குறைவு. சந்திரனுக்கும் இப்பெயர்ச்சி உண்டு. புதிய மீனுக்கோ, எத்துணை நுட்பமாக அளந்தும், அது சிறிதும் காணப்படவில்லை. ஆகவே அது சந்திரனுக்கு அப்பாலுள்ளது, வானமும் மாறும். நூலெழுதுதல் பிரபுவுக்கு அழகன்று என்று முதலிலே தயங்கியவர், நண்பர் வற்புறுத்த, 1573இல் இதனை நூலாக வெளியிட்டார்.

மற்றொரு தொண்டினையும் அவர் செய்தார். அதன் பெறுமதியை அவரே அறிந்திலர். மீனின் ஒளியை மாதந்தோறும் ஏனைய மீன்களோடும் கோள்களோடும் ஒப்பிட்டுக் குறித்தார். நவம்பரில் வெள்ளிக்கு நிகர், பகலிலுங் கட்புலனாகியது. டிசம்பரில் வியாழனுக்கு நிகர். பின் முதற்றர மீன், இரண்டாந்தரம், மூன்றாந்தரம் எனத் தேய்ந்தது. வெண்மை மஞ்சளாகிப் பின் செம்மையாயிற்று. 1574 மார்ச்சு மாதத்தில் மறைந்தது.

அக்குறிப்புகள் 372 ஆண்டுகளாகக் காத்திருந்தன. 1945இல் வால்டர் பாடே என்னும் வானியலறிஞர் அவற்றை எடுத்து ஒளி தேய்ந்த முறையை வரைந்து பார்த்து, அது வெடித்துச் சிதறிய விண்மீன் என்று நிறுவினார். அடுத்த ஆண்டிலே பிரெட் ஹோயில் என்பார், மூலகங்கள் விண்மீன்களின் உள்ளே ஆக்கப்படுகின்றன என்னும் கருத்தை விரித்துரைக்கத் தொடங்கினார். இன்று நாம் அறிவது இது: எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறளி என்னும் மீன், காபனும் ஒட்சிசனும் செறிந்தது. அது தாங்கக்கூடிய நிறைக்கு எல்லையுண்டு. ஞாயிற்றின் நிறையைப்போல ஏறத்தாழ 1.4 மடங்கு. அவ்வெல்லையை 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலிற் செல்லும்போதே கணிக்கத் தொடங்கியவர், பத்தொன்பது வயதுத் தமிழிளைஞரான சுப்பிரமணியன் சந்திரசேகர். அவ்வெல்லையை நெருங்கும் வெண்குறளியிற் காபன் பற்றிக்கொள்ள, சில கணப்பொழுதில் முழுமீனும் வெடிக்கின்றது. ஞாயிற்றின் நிறையில் ஏறத்தாழப் பாதியளவு நிக்கல் அப்பொழுது உண்டாகின்றது. அந்நிக்கல் ஆறு நாளிற் பாதியாகக் குறைந்து கோபாற்றாகிறது; கோபாற்று 77 நாளிற் பாதியாகக் குறைந்து இரும்பாகிறது. வெடித்த மீன் மாதக்கணக்கில் ஒளிர்வது இம்மாற்றத்தில் எழும் ஆற்றலினாலேயாம். உலைக்களத்தை விட்டு வெளிவந்த இரசவாதி, ஒரு மூலகம் வேறொரு மூலகமாக மாறும் வேலையைத் தலைக்குமேலே கண்டார். மாதந்தோறும் அவர் குறித்த தேய்வின் பெரும்பகுதி கோபாற்று இரும்பாகிய கணக்கேயாகும்.

2008இல் மேலும் ஒரு விந்தை நிகழ்ந்தது. அன்று வேறு திசையிற் சென்று தூசிமுகில்களிற் பட்டுத் தெறித்த அம்மீனின் ஒளி, 436 ஆண்டுகள் பிந்திப் பூமிக்கு வந்தடைந்தது. ஹவாயிலுள்ள சுபாரு தொலைநோக்கி அவ்வொளியை நிறப்பிரிகை செய்து, வெடித்தது வெண்குறளியே என்பதை உறுதிசெய்தது.

தைக்கோவின் பிற்கால வாழ்வைச் சுருங்கச் சொல்லலாம். டென்மார்க்கு மன்னர் 1576இல் அளித்த வென் தீவிலே பெரிய ஆய்வுமாளிகை எழுப்பினார். மேல்மாடத்தில் வானளக்கும் கருவிகள். நிலவறையில் இரசவாத உலைகள். பொன்னாக்குவதிலும் மருந்தாக்குவதிலேயே அவருக்கு நாட்டம் மிகுதி. தீவுக் குடியானவரை வாரத்துக்கு இருநாள் கூலியின்றி வேலைவாங்கிய கடுமையை மறைத்தல் தகாது. அம்மாளிகை அவர்தம் முதுகின்மீதே எழுந்தது. புதிய மன்னரோடு பகைத்து 1597இல் நாட்டை நீங்கினார். பிராகா நகரில் கெப்ளரைத் துணைவராகப் பெற்றார். 1601 அக்டோபர் 24ஆம் நாள் காலமானார். அவர் செவ்வாய்க்கோளை அளந்து வைத்த குறிப்புகளிலிருந்தே கெப்ளர் கோள்களின் இயக்க விதிகளைக் கண்டார்.

2010இல் பிராகாவிலுள்ள அவர் கல்லறை ஆய்வுக்காகத் திறக்கப்பட்டது. பொன்னும் வெள்ளியுமென்று நெடுங்காலம் பேசப்பட்ட அந்த மூக்கு உண்மையில் பித்தளை என்பதை, எலும்பிற் படிந்திருந்த செம்பும் நாகமும் காட்டின. அவ்விரு மூலகங்களும் விண்மீன்களிலே பிறந்தவை.