வீட்டோடு மாப்பிள்ளை, வியாபாரி, 50 வயதில் மாணவர்: ஜப்பானை நடந்தே அளந்த இனோ தடடாகா

இஎம்ஐ முடியட்டும், பிள்ளைகள் செட்டில் ஆகட்டும், அப்புறம் பிடிச்சதைப் படிக்கலாம்னு நம்மில் பலர் மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். 18-ம் நூற்றாண்டு ஜப்பானில் ஒருவர் அந்தக் கணக்கை உண்மையிலேயே தீர்த்தார். பெயர் இனோ தடடாகா. மது வியாபாரி. ஜப்பானின் கடற்கரையை முறையாக அளந்து வரைபடமாக்கியவர். அளக்கக் கிளம்பியபோது அவருக்கு வயது 55.

யார் இந்த இனோ?

1745-ல் பசிபிக் கடலோரக் கிராமம் ஒன்றில் பிறந்தார். சின்ன வயதிலேயே அம்மா இறந்துபோனார். 17 வயதில், சவாரா என்ற ஊரிலிருந்த இனோ குடும்பத்துக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனார். அரிசியிலிருந்து தயாரிக்கும் சாகே மதுவும் அரிசி வியாபாரமும்தான் குடும்பத் தொழில். அதைப் பெரிதாக வளர்த்தார். 1780-களின் பெரும் பஞ்சத்தில் ஊர்க்காரர்களுக்கு அரிசி கொடுத்து உதவினார்.

இதற்கு நடுவே வானியல் மீது தீராத ஆசை. 1794-ல் தொழிலை மகனிடம் கொடுத்துவிட்டு, மறுவருஷம் எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்குக் குடிபோனார். அங்கே தகாஹாஷி யோஷிடோக்கி என்ற அரசு வானியலாளரிடம் மாணவராகச் சேர்ந்தார். குரு, சிஷ்யரைவிட 19 வயது இளையவர்! நம்ம ஆபீஸில் தன்னைவிடச் சின்னவர் டீம் லீடாக வந்தாலே சிலருக்கு மூஞ்சி சுண்டிப்போகும்.

ஒண்ணு சொல்லியாகணும். இனோவிடம் நல்ல பணம் இருந்தது. கருவிகள் வாங்கவும், வீட்டிலேயே ஒரு வானியல் கூடம் அமைக்கவும் முடிந்தது. எல்லோருக்கும் இது வாய்க்காது. ஆனால் பணம் இருந்த வியாபாரிகள் எத்தனையோ பேர். பாடம் படிக்கப் போனவர் இவர்.

வரைபடம் ஒரு சாக்கு

இனோவுக்கு உண்மையில் தெரிய வேண்டியிருந்தது, பூமி எவ்வளவு பெரியது என்பது. வழி எளிது. வடக்கு தெற்காக இரண்டு இடங்களில் துருவ நட்சத்திரத்தின் உயரக் கோணத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு இடங்களுக்கும் உள்ள தூரத்தைக் கோண வித்தியாசத்தால் வகுத்தால், ஒரு டிகிரிக்கு எவ்வளவு தூரம் என்று கிடைக்கும். அதை 360-ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு.

முதலில் தன் வீட்டுக்கும் குருவின் அலுவலகத்துக்கும் இடையே காலடியை எண்ணியே அளந்தார். இது ரொம்பக் குறைவு, வடக்கே எஸோ தீவு (இன்றைய ஹொக்கைடோ) வரை போனால்தான் சரியாக வரும் என்றார் குரு. அங்கே போக அரசு அனுமதி வேண்டும். அப்போது ரஷ்யக் கப்பல்கள் வடக்கே நடமாடியதால் கடற்கரை வரைபடம் அரசுக்குத் தேவைப்பட்டது. அதையே காரணமாகக் காட்டி அனுமதி வாங்கினார்கள்.

1800-ல் முதல் பயணம், 180 நாள். பெரும்பாலும் காலடிக் கணக்குதான். ஒரு அடிக்கு சுமார் 69 செ.மீ. அரசு கொடுத்தது சொற்பம், மீதி கைக்காசு.

அடுத்த பயணத்துக்குப் பிறகு விடை கிடைத்தது: ஒரு டிகிரிக்கு 28.2 ரி, அதாவது சுமார் 110.75 கி.மீ. குருவே அதை முழுசா நம்பவில்லை. இனோவுக்கு மனசு விட்டுப்போனது. பிறகு பிரெஞ்சு வானியலாளர் லாலாந்தின் புத்தகம், டச்சு மொழிபெயர்ப்பில் யோஷிடோக்கி கைக்கு வந்தது. அதிலிருந்த அளவும் இனோவின் அளவும் பொருந்தின. இருவருக்கும் அப்படியொரு சந்தோஷம்! ஆனால் 1804-ல், 40 வயதுகூட நிறையாத யோஷிடோக்கி இறந்துபோனார்.

தேடிய விடை கிடைத்தாச்சு, குருவும் இல்லை. இனோ அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கிழக்கு ஜப்பான் வரைபடத்தைப் பார்த்த அரசு அவரை வேலைக்கே எடுத்துக்கொண்டது. மேற்கு ஜப்பான் முழுவதும் அடுத்த பல ஆண்டுகள் நடை. பிடித்த ஊறுகாயைக்கூடக் கடிக்க முடியாத அளவுக்குப் பல்லெல்லாம் போய்விட்டது என்று மகளுக்குக் கடிதத்தில் புலம்பினார். புலம்பிக்கொண்டே நடந்தார். தள்ளாமையால் அவர் போகாமல் விட்டது இஸு தீவுகளுக்கான பயணம் மட்டும்தான். 1816 வரை மொத்தம் 10 அளவைப் பயணங்கள்.

1818-ல், 73 வயதில் இறந்தார். வரைபடம் அப்போது முடியவில்லை. அதனால் மரணச் செய்தியை வெளியே சொல்லாமல், குழுவினர் அவர் பெயரிலேயே வேலையைத் தொடர்ந்தார்கள். 1821-ல் 214 பெரிய தாள்களில் ஜப்பான் அரசிடம் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகே மரணத்தை அறிவித்தார்கள்.

தன் விருப்பப்படியே குரு யோஷிடோக்கியின் சமாதிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார். வரைபடத்தின் தீர்க்கரேகைகளில் பிழைகள் உண்டு. ஆனாலும் 1861-ல் ஜப்பான் கடற்கரையை அளக்க வந்த பிரிட்டிஷ் கடற்படையினர், இனோவின் வரைபடம் இருப்பதைப் பார்த்து, அதையே வாங்கிப் பயன்படுத்திக்கொண்டார்கள்.