பிரோபெல் பெருமகனார்

குழந்தையின் கைக்கு வேலை கொடாது காதுக்கு மட்டும் கல்வியூட்டுதல், விதையைப் பாறைமேல் தூவுதலை ஒக்கும். இளஞ்சிறார் தாமே செய்தும், கண்டும், ஒப்பிட்டும் விஞ்ஞான அறிவுக்கு அடிகோலலாம் என்பதைத் தம் வாழ்வால் விளக்கிய பெரியார், ஜெர்மனி நாட்டுப் பிரெடரிக் பிரோபெல் ஆவார்.

இவர் 1782-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21-ஆம் நாள், துரிங்கியாவின் மலைக்காட்டுச் சிற்றூராகிய ஓபர்வைஸ்பாக்கில், லுத்தரன் திருச்சபைக் குருவானவர் ஒருவர்க்கு மகனாகத் தோன்றினார். ஓராண்டு நிறையுமுன்னரே அன்னையை இழந்தார். தந்தையார்க்கோ சபை அலுவல் மிகுதி. மாற்றாந்தாயின் அன்பும் நீடிக்கவில்லை. தனித்துத் திரிந்த அச்சிறுவர்க்குத் தோட்டத்துச் செடிகொடிகளே துணையாயின. வளர்ந்தபின் காட்டதிகாரி ஒருவர்பால் தொழில் பயின்றார். இவர்டன் நகரில் பெஸ்டலாஜி என்னும் கல்விச் செல்வரை அடுத்திருந்தார். பெர்லின் நகரில் பேராசிரியர் வைஸ் என்பார்க்கு உதவியாளராய்ப் படிகக் கற்களை ஆராய்ந்தார். கல்லிலும் ஒழுங்கு அமைந்திருத்தலைக் கண்ட அவர்க்கு, அவ்வொழுங்கைக் குழந்தையும் தன் கையாற் காணல் இயலும் என்னும் துணிவு பிறந்தது.

1837-இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் இளஞ்சிறார்க்கென ஒரு நிலையம் தொடங்கி, 1840-இல் அதற்குக் கிண்டர்கார்ட்டன், அதாவது குழந்தைத் தோட்டம், எனப் பெயரிட்டார். ஆங்கே உருண்டையும் உருளையும் கனசதுரமும் விளையாட்டுக் கருவிகளாயின. நூலிற் கட்டித் தொங்கவிட்ட கனசதுரத்தை விரைந்து சுழற்றினால் அஃது உருளைபோல் தோன்றும். குழந்தை வியந்து மீண்டும் சுழற்றிப் பார்க்கும். எட்டுச் சிறு கட்டைகளாய்ப் பிரியும் கனசதுரத்தைப் பிரித்தும் அடுக்கியும் முழுமையையும் பகுதியையும் உணரும். தோட்டத்திலோ ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சிறு பாத்தி உண்டு. அனைவர்க்கும் பொதுவான நிலமும் உண்டு. தன் பாத்தியில் தான் விரும்பியதை விதைத்து, நீர் வார்த்து, முளை வருமளவும் காத்திருந்து, வாடியதற்குக் காரணம் தேடிய குழந்தை, சோதனையும் பொறுமையும் ஒருங்கே கற்றது. பொதுநிலத்திற் பிறரொடு கூடி உழைக்கவும் கற்றது.

இந்நற்பணிக்கும் இடர் நேர்ந்தது. 1851-இல் பிரஷ்ய அரசாங்கம், நாத்திகமும் பொதுவுடைமையும் பரப்புவன என்று பழி சுமத்திக் குழந்தைத் தோட்டங்களைத் தடை செய்தது. அவர்தம் உடன்பிறந்தார் மகனாகிய கார்ல் பிரோபெலின் கருத்துக்களை இவருடையனவாக மயங்கியதும் இதற்கொரு காரணம் என்பர். இயற்கையின் ஒருமையிலே இறைவனைக் கண்ட ஒருவர்க்கு இதனினும் கொடிய பழி யாதுளது? தடை நீங்கக் காணாமலே 1852 ஜூன் 21-ஆம் நாள் மாரியன்தாலில் உயிர் நீத்தார். 1860-இல் தடை நீங்கியது. அவர்பால் பயிற்சி பெற்ற மாதரும் அவர்தம் அன்பரும் அப்பணியைப் பல நாடுகட்கும் பரப்பினர்.

இன்று நம் நாட்டிலும் அப்பெயர் தாங்கிய வகுப்புக்கள் அளவில. பெயர் நிலைத்தது, பாத்தி எங்கே? மூன்று வயதுக் குழந்தையின் கையில் எழுதுகோலையே திணிக்கும் நாம், ஒரு பிடி மண்ணும் நாலு விதையும் கொடுப்போமாயின், அதுவே அப்பெருமகனார்க்கு நாம் செய்யத்தகும் கைம்மாறாகும்.