தமிழில் உடற்கூறு தந்த தகைமையாளர்

பழனி மலைத்தொடரில் உள்ள பூம்பாறையின் படிக்கட்டு வயல்களில் பூண்டு மூட்டை சுமந்து ஏறும் உழவரை நாம் கண்டிருக்கிறோம். மூச்சு வாங்க நுரையீரல் இரண்டு. சுமை தாங்கத் தோள் இரண்டு. மேடேற முழங்கால் இரண்டு. எனினும் இரட்டை உறுப்புகள் யாவும் ஒன்றுபோல் அமைந்தன அல்ல. வல நுரையீரலுக்கு மூன்று மடல்கள். இதயம் இடப்புறம் சாய்ந்திருத்தலின் இட நுரையீரலுக்கு இரண்டே மடல்கள். வலப்புறம் கல்லீரல் அமைந்திருத்தலின் வலச் சிறுநீரகம் சற்றே தாழ்ந்திருக்கும். மேலை மருத்துவம் கண்ட இத்தகைய உண்மைகளைத் தமிழ் மாணாக்கர் தமிழிலேயே கற்குமாறு நூல் செய்தவர் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

பூம்பாறைக்கு அண்மையிலுள்ள கோடைக்கானலில் 1845இல் முதல் வீடுகளை எழுப்பியோர் மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனார் ஆவர். அவர்களை அனுப்பிய அதே சங்கம் யாழ்ப்பாணத்திற்கு அனுப்பிய மருத்துவரே கிறீன். 1822இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து உஸ்டர் நகரில் பிறந்த அவர், நியூயார்க்கில் மருத்துவம் பயின்று, 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் நோயாளரைப் பேணியதோடு, இளைஞர்க்கு மருத்துவமும் கற்பித்தார்.

தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்திலேயே நடந்தது. ஆனால், ஆங்கிலம் கற்ற மருத்துவர் உத்தியோகம் தேடி வெளியூர் செல்வர் என்பதையும், தமிழில் கற்றவரே சிற்றூர் மக்களிடையே தங்குவர் என்பதையும் கிறீன் உணர்ந்தார். தாமே தமிழைக் கற்றுத் தேர்ந்தார். உடல்நலம் குன்றி 1857இல் தாயகம் சென்றவர், 1862இல் மணம் புரிந்து மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். 1864 முதல் தமிழையே பயிற்று மொழியாக்கினார்.

மொழி மாற்றினால் போதுமா? நூல் வேண்டுமே! மாணாக்கரைத் துணைக்கொண்டு கிறீன் நூல்களை ஆக்கினார். அறுவை மருத்துவம் பற்றிய 'இரண வைத்தியம்' 1867இலும், உடற்கூறு பற்றிய 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும், வேதியியல் பற்றிய 'கெமிஸ்தம்' 1875இலும் வெளிவந்தன. 'அங்காதிபாதம்' என்னும் பெயரைக் கேட்டதும், தலைமுடி தொடங்கி அடிவரை பாடும் நம் கேசாதிபாதம் நினைவில் எழுகிறதன்றோ? புதிய அறிவுக்குத் தமிழ் மரபு மணக்கும் பெயர் அது.

1873இல் அவர் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கினார். தமிழை விட்டு நீங்கினாரல்லர். உடலியங்கியல் நூலான 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் மறைந்தார். மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை இன்றும் உள்ளது.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாது நகரில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்னும் கிறித்தவ அறிஞர் கேலனின் கிரேக்க மருத்துவ நூல்களை அரபியில் பெயர்த்தார். அவ்வாறு வந்த அறிவை அரபுலகம் பேணியதோடு நில்லாமல், ஆராய்ந்து திருத்தியும் வளர்த்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்னு நபீஸ், இதயத்தின் வலப்பக்கக் குருதி நுரையீரல் வழியே இடப்பக்கம் சேர்வதைக் கேலனுக்கு மாறாக எடுத்துரைத்தார். பெயர்ப்பு விதையானால் ஆய்வு விளைச்சலாகும்.

கிறீன் தமிழில் விதைத்தார். விளைச்சல் எங்கே? தமிழ்நாட்டில் ஆங்கில மருத்துவப் பட்டப்படிப்பு இன்றும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகிறது. பூம்பாறை உழவர் தம் நோயின் பெயரைத் தம் மொழியில் கேட்டறியும் உரிமை உடையவர். மருத்துவம் பயிலச் செல்லும் நம் மாணவச் செல்வங்கள் அந்த உரிமையை மறவாதிருப்பின், கிறீன் பட்ட பாடு வீண்போகாது.