8 கினிக்கு வாங்கிய காளை, 1,000 கினிக்கு விற்ற வாரிசு... கன்றைப் பார்த்து காளையை எடைபோட்ட சார்லஸ் காலிங் யார்?

காஞ்சிபுரத்தைச் சுற்றி உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கம் மாடு வளர்ப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. காலையிலிருந்து மாடு விடாமல் கத்துகிறது. கால்நடை மருந்தகத்துக்கு போன் போகிறது. திரவ நைட்ரஜன் கேனிலிருந்து மெல்லிய குச்சி ஒன்று வெளியே வருகிறது. சினை ஊசி போட்டாச்சு, வேலை முடிந்தது.

அந்தக் குச்சியின் மேல் ஒரு எண் இருக்கும். அது ஒரு பொலிகாளையின் எண். மாட்டுக்காரர் அந்தக் காளையைப் பார்த்ததே இல்லை. அது எந்த ஊரில் நிற்கிறது என்பதும் தெரியாது. ஆனால் மூணு வருஷம் கழித்து அவர் தொழுவத்தில் கறவைக்கு நிற்கப்போகும் மாட்டின் பாதிக் குணம் அதிலிருந்துதான் வரப்போகிறது.

தாயைப் பார்த்து பெண்ணை எடு, பாலைப் பார்த்து மாட்டை எடு என்பார்கள் பெரியவர்கள். பசுவுக்கு அது சரி. காளை பால் கறக்காதே, அப்போ அதன் தரத்தை எதைப் பார்த்து முடிவு செய்வது?

சுழி பார்ப்போம், கொம்பு பார்ப்போம், திமில் பார்ப்போம். 240 வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான். அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் சார்லஸ் காலிங்.

யார் இந்த சார்லஸ் காலிங்?

வடகிழக்கு இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில், டார்லிங்டன் என்ற சந்தை ஊரை ஒட்டிய விவசாயக் குடும்பத்தில் 1751-ல் பிறந்தவர். அண்ணன் ராபர்ட் 1749-ல் பிறந்தவர். ராபர்ட்டை முதலில் மளிகைக் கடையில் தொழில் பழக அனுப்பினார்கள். அது ஒத்துவராமல் அவரும் விவசாயத்துக்கே திரும்பி, பார்ம்ப்டன் என்ற இடத்தில் பண்ணை எடுத்தார். அப்பாவின் கெட்டன் பண்ணை 1782-ல் தம்பி சார்லஸின் கைக்கு வந்தது.

அந்தப் பகுதியில் ஓடும் டீஸ் ஆற்றங்கரையில் குட்டைக் கொம்பு மாடுகள் இருந்தன. பாலுக்கும் ஆகும், இறைச்சிக்கும் ஆகும். ஷார்ட்ஹார்ன் என்று பிறகு உலகம் முழுக்கப் பேர் வாங்கியது அந்த இனம்தான். ஆனால் அப்போது அவை பெரிய எலும்பும் ஒழுங்கில்லாத உடம்புமாக இருந்தன. தீனி நிறைய தின்னும், உடம்பு தேற வருஷக் கணக்கில் ஆகும்.

குருவிடம் போன சீடன்

1780-களின் தொடக்கத்தில் சார்லஸ் ஒரு பயணம் போனார். லெஸ்டர்ஷயரில் டிஷ்லி என்ற பண்ணையில் இருந்த ராபர்ட் பேக்வெல்லைப் பார்க்கத்தான் அந்தப் பயணம். கால்நடை இனப்பெருக்கத்தில் அன்றைக்கு அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

பேக்வெல் தன் செம்மறிக் கிடாக்களை விற்க மாட்டார். ஒரு பருவத்துக்கு வாடகைக்கு விடுவார். பருவம் முடிந்ததும் கிடா திரும்பி வந்துவிடும். வாடகைப் பணம் வருவது ஒருபக்கம். இன்னொரு பக்கம், எந்தக் கிடாவுக்கு எப்படிப்பட்ட குட்டிகள் பிறந்தன என்பதை வேறு வேறு பண்ணைகளில் பார்க்க முடிந்தது. நல்ல குட்டி போட வைத்த கிடாவைத் தன் மந்தைக்கே பயன்படுத்தினார். அதோடு, நெருங்கிய ரத்த உறவுக்குள்ளேயே சேர்க்கை நடத்தி, நல்ல குணத்தை மந்தையில் நிலைநிறுத்தினார்.

சார்லஸ் இந்தப் பாடத்தோடு ஊர் திரும்பினார். பாடத்தை மாட்டில் சோதித்துப் பார்க்க ஒரு காளை தேவைப்பட்டது.

ஹப்பக்: தெருவோரம் மேய்ந்த பசுவின் மகன்

டார்லிங்டன் சந்தைக்கு வந்த சில கன்றுகள் மற்றவற்றைவிட தனித்துத் தெரிந்தன. அவற்றுக்குத் தகப்பன் எது என்று விசாரித்துப் போனபோதுதான் அந்தக் காளை கிடைத்தது என்று சொல்லப்படுகிறது. அந்தக் காளை பிறந்தது 1777-ல்; அதன் தாய், வசதியில்லாத ஒருவரின் பசு. மேய்ச்சல் நிலம் இல்லாததால் பாதையோரப் புல்லை மேய்ந்து வளர்ந்தது. அந்தக் காளையை ஒரு ஷில்லிங் கூலிக்கு ஊர்ப் பசுக்களோடு சேர்த்துக்கொண்டிருந்தார்கள் என்பார்கள்.

அண்ணன் ராபர்ட் பக்கத்துப் பண்ணைக்காரரோடு சேர்ந்து அதை வாங்கினார். பின்னர் 8 கினிக்கு அது சார்லஸிடம் வந்தது. ஒரு கினி என்பது 21 ஷில்லிங்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சார்லஸ் அந்தக் காளையின் உடம்பைப் பார்த்து மயங்கவில்லை. அது பெரிய காளையும் இல்லை. அதன் கன்றுகள்தான் அவரை இழுத்தன. காஞ்சிபுரத்தில் தறியைப் பார்த்து யாரும் பட்டுப்புடவைக்கு விலை பேசுவதில்லை. நெய்து இறக்கியதை விரித்துப் பார்த்துதானே பேசுவோம்? அதே கணக்குதான்.

ஆனாலும் சில வருஷத்திலேயே சார்லஸ் அந்தக் காளையை விற்றுவிட்டார். வாங்கியவரின் பெயரே அதற்கு நிலைத்தது: ஹப்பக். அதன் மகள்கள் வளர்ந்து அவையும் கன்று போட்ட பிறகுதான் கைவிட்டுப் போனது எப்படிப்பட்ட காளை என்பது முழுசாகப் புரிந்தது. கன்றை வைத்துக் காளையைக் கணிப்பதில் இருக்கும் பெரிய சிக்கல் இதுதான். விடை தெரிய வரும்போது காளை கையில் இருக்காது.

சொந்தத்துக்குள்ளேயே சேர்க்கை: ஃபேவரிட் முதல் காமெட் வரை

ஹப்பக் போனாலும் அதன் ரத்தம் கெட்டன் பண்ணையில் தங்கியது. அதன் வழியில் 1793-ல் பிறந்த காளைதான் ஃபேவரிட். இதன் தாயும் தகப்பனும் ஒரே காளைக்குப் பிறந்தவை. ஃபேவரிட்டின் கன்றுகள் நன்றாக அமைந்ததைப் பார்த்த சார்லஸ், ஒருபடி மேலே போனார். அதன் மகள்களோடும் பேத்திகளோடும் அதையே மறுபடி மறுபடி சேர்த்தார்.

1804-ல் காமெட் பிறந்தது. அதன் குடும்ப வரைபடம் கொஞ்சம் தலைசுற்ற வைக்கும்:

- காமெட்டின் தகப்பன்: ஃபேவரிட்.
- காமெட்டின் தாய்: யங் ஃபீனிக்ஸ். இதுவும் ஃபேவரிட்டின் மகள்.
- யங் ஃபீனிக்ஸின் தாய்: ஃபீனிக்ஸ். இது ஃபேவரிட்டைப் பெற்ற தாயேதான்!

இவ்வளவு நெருங்கிய சேர்க்கையில் பிறந்தும் காமெட், அன்றைக்கு இருந்தவர்கள் கண்ணுக்குக் குறை இல்லாத காளையாகத் தெரிந்தது.

கன்று போடாத மாடுகள் செய்த விளம்பரம்

நல்ல காளை இருக்கிறது என்று ஊருக்கு எப்படிச் சொல்வது? அதற்கும் ஃபேவரிட்டின் பிள்ளைகளே உதவின.

1796-ல் கெட்டனில் ஃபேவரிட்டுக்குப் பிறந்த ஒரு கன்றைக் காயடித்து வளர்த்தார்கள். அது மலை போல வளர்ந்தது. 1801-ல் 140 பவுண்டுக்கு விற்கப்பட்டது. சில மாதத்திலேயே ஜான் டே என்பவர் 250 பவுண்டுக்கு வாங்கி, தனி வண்டி கட்டி நாடு முழுக்க ஊர் ஊராகக் காட்சிக்குக் கொண்டுபோனார். 2,000 பவுண்டு தருகிறேன் என்று வந்தபோதும் கொடுக்கவில்லை. டர்ஹம் ஆக்ஸ் என்று பேர் பெற்ற அதன் படங்கள் ஆயிரக்கணக்கில் விற்றன. எடை ஒன்றரை டன்னுக்கு மேல் போனதாகக் கணக்கிட்டார்கள். 1807-ல் இடுப்பு எலும்பு விலகி எழ முடியாமல் போனதால் அதை வெட்ட வேண்டியதாயிற்று.

அண்ணன் ராபர்ட் பண்ணையிலும் ஃபேவரிட்டுக்கு ஒரு வெள்ளைக் கிடாரி பிறந்தது. காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறந்ததால் அது சினை பிடிக்காத மாடு. அதையும் ஊர் ஊராகக் காட்டினார்கள்.

இரண்டுமே வாரிசு தர முடியாதவை. ஆனால் இரண்டையும் பார்த்தவர்கள் கேட்டது ஒரே கேள்வி: இதுக்கு அப்பன் யாரு?

1810 ஏலம்: ஒரு காளைக்கு 1,000 கினி

1810 அக்டோபர் 11. சார்லஸ் தன் மாடுகளை ஏலம் விட்டார். 47 மாடுகள் 7,000 பவுண்டுக்கு மேல் போயின. ஆறு வயது காமெட்டை நாலு பேர் கூட்டாகச் சேர்ந்து 1,000 கினிக்கு எடுத்தார்கள். ஒரு காளை அந்த விலையைத் தொட்டது அதுதான் முதல் முறை. அன்றைய பண்ணைக் கூலியாள் ஒருவரின் பல வருஷச் சம்பளம் அது.

அண்ணன் ராபர்ட் 1818-ல் ஏலம் நடத்தி, 1820-ல் காலமானார். ஷார்ட்ஹார்ன் மாடுகளின் வம்சாவளிப் பதிவேட்டை ஜார்ஜ் கோட்ஸ் 1822-ல் வெளியிட்டார். மாடுகளுக்கென வந்த முதல் பதிவேடு அது. அதில் ஹப்பக், ஃபேவரிட், காமெட் மூன்றுக்கும் தனித்தனி எண்கள். உறைவிந்துக் குச்சியில் இன்று இருக்கும் எண்ணுக்கு ஒருவகையில் இதுதான் முன்னோடி. சார்லஸ் 1836-ல் இறந்தார்.

அப்புறம் என்ன தப்பு நடந்தது?

காமெட்டின் மகளான ஒரு கிடாரியை, தாமஸ் பேட்ஸ் என்பவர் 1810 ஏலத்தில் 183 கினிக்கு வாங்கியிருந்தார். டச்சஸ் என்ற அந்த வம்சத்தைச் சொந்தத்துக்குள்ளேயே பெருக்கினார். அவர் காலத்துக்குப் பிறகு டச்சஸ் என்ற பெயருக்கே விலை ஏறியது. 1873-ல் நியூயார்க் மாநிலத்தில் நடந்த ஏலத்தில் அந்த வம்சப் பசு ஒன்று 40,600 டாலருக்குப் போனது.

கன்று எப்படி இருக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, காகிதத்தில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த வம்சமோ சினை பிடிக்காமல் தேய்ந்துகொண்டே வந்து கடைசியில் அற்றுப்போனது. நெருங்கிய சேர்க்கை நல்ல குணத்தை மட்டுமல்ல, மறைந்திருக்கும் குறையையும் சேர்த்தே நிலைநிறுத்தும் என்பதற்கு இது பெரிய பாடம்.

1920-களில் அமெரிக்க மரபியலாளர் சீவல் ரைட், ரத்த நெருக்கத்தை எண்ணில் அளக்க ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார். அதைச் சோதிக்க அவர் எடுத்துக்கொண்டதும் இந்த ஷார்ட்ஹார்ன் பதிவேடுகளைத்தான்.

சார்லஸின் முறையிலும் ஓட்டை இருந்தது. ஊர் சுற்றிக் காட்டியது நன்றாகத் தீனி போட்டு வளர்த்த ஒன்றிரண்டை மட்டும்தான். சுமாரான கன்றுகளை யாரும் வண்டியில் ஏற்றவில்லை. ஒரு கன்று நன்றாக இருப்பது காளையாலா, தாயாலா, தீனியாலா? ஒன்றிரண்டை வைத்து இதைப் பிரித்துச் சொல்லவே முடியாது.

இப்போ எப்படிச் செய்கிறார்கள்?

இப்போது ஒரு காளையின் விந்தைப் பல ஊர்களில் பல பசுக்களுக்குப் போடுகிறார்கள். பிறக்கும் கிடாரிகள் வளர்ந்து கறவைக்கு வந்ததும், முதல் ஈத்தில் 305 நாள் பாலை அளக்கிறார்கள். அதே சூழலில் வளரும் மற்ற காளைகளின் மகள்களோடு ஒப்பிட்டு, தீனி, பருவம், ஊர் வித்தியாசங்களைக் கணக்கில் கழித்துவிட்டுத்தான் காளைக்கு மதிப்பெண்.

சினை 9 மாதம். கிடாரி வளர்ந்து கன்று போட இரண்டரை முதல் மூணு வருஷம். அதற்கு மேல் ஒரு ஈத்து. ஆக, விடை தெரிய கிட்டத்தட்ட நாலரை வருஷம். ஹப்பக் விஷயத்தில் சார்லஸைக் கவிழ்த்த அதே காத்திருப்பு. ஆனால் இப்போது உறைவிந்து இருக்கிறது. காளையே செத்துப்போனாலும் அதன் விந்து குச்சியில் பத்திரமாக இருக்கும்.

இந்தியாவில் செயற்கை முறை கருவூட்டல் 1939-ல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் தொடங்கியது. 2024 அக்டோபரில், நாட்டு மாடுகளின் மரபணுவை வைத்து இளம் வயதிலேயே தரத்தைக் கணிக்க உதவும் 'கௌ சிப்' அறிமுகமானது. அந்தக் கணிப்புக்கும் அடிப்படை, மகள்கள் கறந்த பாலின் அளவுதான். மடிக்கடியில் யாராவது அளந்து எழுதாவிட்டால் சிப்புக்கும் எதுவும் தெரியாது.

மாடு வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது

- சினை ஊசி போடும்போது குச்சியில் இருக்கும் காளை எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள்.
- பசுவின் தகப்பன் எண்ணும் தெரிந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதே காளை திரும்ப வராமல் பார்த்துக்கொள்ளலாம்.
- ஒரு காளையின் ஒரே ஒரு கன்றை வைத்து நல்லது, கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.
- பால் அளவை எழுதி வையுங்கள். உங்கள் நோட்டுதான் உங்கள் தொழுவத்தின் பதிவேடு.

தெருவோரப் பசுவுக்குப் பிறந்த காளையை அதன் கன்றுகளால் கண்டுபிடித்தார் சார்லஸ் காலிங். பேரைப் பார்த்து 40,600 டாலர் கொட்டியவர்கள் ஏமாந்தார்கள். அடுத்த முறை கேனிலிருந்து அந்தக் குச்சி வெளியே வரும்போது, அதிலுள்ள எண்ணை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.